வெளிநாட்டுப் படைத்தளத்தை மூடும்போது பணக் கணக்கையும் மண்ணின் கணக்கையும் முடிப்பது எப்படி?

ஒரு நாட்டின் படை மற்றொரு நாட்டு மண்ணிலிருந்து வெளியேறும் நாளில் கொடி இறக்கப்படுகிறது, சாவி கைமாறுகிறது, இரு தரப்பு அதிகாரிகளும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். செய்தித்தாள்களில் வருவது அந்த நாள்தான். ஆனால் அந்த நிலத்தில் பிறகு குடியேறப் போகிறவர்களுக்குத் தேவையான விடைகள், அதாவது நிலத்தடியில் என்ன கசிந்திருக்கிறது, அதை அகற்றும் செலவு யாருடையது, விட்டுச்செல்லும் கட்டடங்களுக்கு யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்பவை, அந்நாளுக்கு வெகு முன்பே எழுத்தில் வந்திருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு அவற்றை எழுப்பிய நாடுகள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பணத்தில்தான் மண்ணைச் சுத்தம் செய்திருக்கின்றன.

தளத்துக்கு இடமளித்த நாட்டின் அமைச்சக அதிகாரிகள், நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வாளர்கள், தளத்தை ஒட்டிய உள்ளாட்சி மன்றங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படையை அனுப்பிய நாட்டின் நிதி அலுவலர்களுக்கும் இதில் பயன் உண்டு. எவ்வளவு கடன் என்று தெரியாமல் ஒரு தளத்தை மூடுவது அவர்களுக்கும் நல்லதன்று.

பழைய ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள்

தளம் எந்த ஒப்பந்தத்தின் கீழ் தரப்பட்டதோ அதையும், அதன் பிற்சேர்க்கைகள், பரிமாறிய கடிதங்கள், கூட்டுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றையும் முதலில் ஒரே இடத்தில் திரட்டுங்கள். முதன்மை உடன்படிக்கை பெரும்பாலும் பொதுவான மொழியில் இருக்கும். பணத்தையும் பொறுப்பையும் பற்றிய கூர்மையான விதிகள் பிற்சேர்க்கைகளில்தான் கிடக்கும். படிக்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை படை அனுப்பிய நாட்டுக்கு உண்டா? அது கட்டிய கட்டடங்களுக்கு இடமளித்த நாடு பணம் தரவேண்டுமா? சேதத்துக்கு இழப்பீடு கோரும் வழி என்ன, அதற்குக் காலக்கெடு உண்டா? மாசின் அளவை எந்த நாட்டுச் சட்டத்தின் அளவுகோலால் மதிப்பிடுவது?

இந்தக் கேள்விகளுக்குப் பல பழைய ஒப்பந்தங்கள் தரும் விடை கசப்பானது. பிலிப்பைன்ஸுடன் அமெரிக்கா 1947 மார்ச் 14 அன்று செய்துகொண்ட தள ஒப்பந்தம், தளங்களை எடுத்துக்கொண்டபோது இருந்த நிலையிலேயே திருப்பித்தர அமெரிக்கா கடமைப்பட்டதன்று என்று சொன்னது. 1960-இல் ஜப்பானுடனும் 1966-இல் தென்கொரியாவுடனும் செய்த படை நிலை ஒப்பந்தங்களின் (அந்நியப் படையின் உரிமைகளையும் கடமைகளையும் வகுப்பவை) நான்காம் பிரிவு இருபுறமும் கதவை அடைத்தது: அமெரிக்கா நிலத்தைச் சீரமைக்க வேண்டியதில்லை, பதிலுக்கு, அங்கே கட்டியவற்றுக்கு அந்த நாடுகளும் ஈடு தரவேண்டியதில்லை. கிரீன்லாந்து குறித்து டென்மார்க்குடன் 1951-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்திலும் இதே போக்கைக் காணலாம். இவை எழுதப்பட்ட காலத்தில் நிலத்தடி நீர் மாசு பற்றி அரசுகள் பெரிதாகச் சிந்திக்கவில்லை. இன்று அவற்றைக் காட்டி 'கடமை இல்லை' என்று வாதிடுவது சட்டப்படி வலுவானதுதான். ஆயினும் பேச்சுவார்த்தையில் அதையே முடிந்த முடிவாக ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. கீழே வரும் சில நாடுகளின் அனுபவம் அதைக் காட்டுகிறது.

படை அனுப்பிய நாட்டின் உள்நாட்டுச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவுக்குள் ஒரு தளத்தை மூடி நிலத்தைப் பிறருக்கு மாற்றும்போது, தேவையான மாசு நீக்கம் செய்யப்பட்டுவிட்டது என்றும், பிற்காலத்தில் ஏதேனும் தெரியவந்தால் அதையும் அரசே நீக்கும் என்றும் பத்திரத்திலேயே உறுதி தரவேண்டும். மாசடைந்த நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான 1980-இன் சூப்பர்ஃபண்ட் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. எல்லைக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது. பிலிப்பைன்ஸிலிருந்த கிளார்க், சுபிக் தளங்களில் முதற்கட்ட ஆய்வாவது நடத்த வேண்டும் என்று கோரிய வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதற்குள் கிளார்க் கைமாறிப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன.

தகுதிச் சொற்களை அடிக்கோடிடுங்கள்

கடமை இருப்பதாகச் சொல்லும் ஒப்பந்தங்களிலும், அந்தக் கடமையின் அளவை ஒரு சிறு சொற்றொடரே தீர்மானிக்கும். 1977-இன் பனாமா கால்வாய் உடன்படிக்கைகளை ஒட்டிய செயலாக்க ஒப்பந்தத்தின்படி, மனித உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆன ஆபத்துகளை 'நடைமுறையில் இயன்ற அளவுக்கு' அமெரிக்கா அகற்றித்தர வேண்டும். எம்பயர், பால்போவா வெஸ்ட், பீனியா ஆகிய மூன்று பயிற்சிக் களங்களில் வெடிக்காத குண்டுகள் பதிந்திருந்தன. அடர்ந்த காட்டை வெட்டாமல் அவற்றை முழுமையாக எடுக்க முடியாது என்றும், காட்டை வெட்டினால் கால்வாய்க்கு நீர் தரும் பகுதி கெடும் என்றும் அமெரிக்கா வாதிட்டது. இயன்றது எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை. 1999-இல் களங்கள் கைமாறியபோது குண்டுகளின் ஒரு பகுதி மண்ணிலேயே கிடந்தது. இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது: 'இயன்ற அளவு' போன்ற சொல் வந்தால், எத்தனை ஹெக்டேர், எவ்வளவு ஆழம், யார் அளந்து ஒப்புக்கொள்வது என்பவற்றை அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

தென்கொரியாவின் அனுபவம் இன்னும் நுட்பமானது. 2001-இல் சேர்க்கப்பட்ட சுற்றுச்சூழல் குறிப்பாணையின்படி, மனித உடல்நலத்துக்கு 'தெரியவந்த, உடனடியான, கணிசமான' ஆபத்தை ஏற்படுத்தும் மாசை அமெரிக்கா நீக்கும். மூன்று அடைமொழிகளையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பல ஆண்டுகள் மெல்லக் கசியும் எண்ணெயோ, மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் ஈயமோ 'உடனடி'யானதாக எளிதில் கருதப்படாது. கொரியா தன் மண் பாதுகாப்புச் சட்டத்தின் எண் அளவுகளை முன்வைக்க, அமெரிக்கா அந்த மூன்று சொற்களை முன்வைக்க, பல தளங்களின் திருப்பளிப்பு ஆண்டுக் கணக்கில் நின்றது. 2019 டிசம்பரில் நான்கு தளங்களைக் கொரியா முதலில் பெற்றுக்கொண்டு, பொறுப்பு யாருடையது என்ற பேச்சைப் பின்னர் தொடர ஒப்புக்கொண்டது. மாசு நீக்கத்தைத் தன் செலவிலேயே தொடங்கியது. உள்ளூர் மக்கள் நிலத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதால் அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிலம் கைக்கு வந்தபின் பேரம் பேசும் வலு குறைந்துவிடும் என்பதை அப்படி முடிவெடுப்பவர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் ஒப்பந்தம் இவற்றினும் வலுவானது. ஜெர்மனியில் தங்கும் நேட்டோ கூட்டணிப் படைகளுக்கான 1959-இன் துணை உடன்படிக்கை 1993-இல் திருத்தப்பட்டபோது, தான் ஏற்படுத்திய, நடப்புச் சட்ட அளவை மீறிய மாசை ஆராய்வதற்கும் நீக்குவதற்கும் ஆகும் செலவைப் படை அனுப்பிய நாடே ஏற்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அளவுகோல் ஜெர்மன் சட்டம் என்பது பெரிய வெற்றி. இருந்தும் ஒரு தகுதிச் சொல் அதிலும் உண்டு: பணம் 'நிதி கிடைப்பதற்கேற்பவும் அந்நாட்டின் நிதி நடைமுறைப்படியும்' தரப்படும். இந்தச் சொற்றொடரை நீக்கச் சொல்லிப் போராடுவதில் பயனில்லை, ஏனெனில் தம் நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தைத் தருவதாக உறுதியளிக்க அதிகாரிகளைப் பல நாடுகளின் நிதிச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாக, எந்த நிதியாண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் கோரிக்கை சேர்க்கப்படும், ஒதுக்கீடு மறுக்கப்பட்டால் அடுத்து என்ன என்று எழுதிக் கேளுங்கள்.

மண்ணை அளப்பது

இந்த வழிகாட்டியில் மற்ற எதையும் பின்பற்ற முடியாவிட்டாலும் இந்த ஒன்றைப் பின்பற்றுங்கள்: நிலம் கைமாறும் முன், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில், இரு தரப்பும் மாதிரியைப் பகிர்ந்துகொண்டு, மண்ணையும் நிலத்தடி நீரையும் அளந்துவிடுங்கள். அளவு இல்லாத இடத்தில் கோரிக்கை வெறும் குற்றச்சாட்டாகவே நிற்கும். 'இது நாங்கள் போன பிறகு வந்த மாசு' என்ற ஒரு வரியால் அதை மறுத்துவிடலாம்.

அளவெடுப்புக்கு முன்னால் ஆவணத் தேடல் வரவேண்டும். எரிபொருள் கிடங்குகளின் பதிவேடுகள், நிலத்தடித் தொட்டிகளின் வரைபடங்கள், பழைய வான்வழிப் படங்கள், மின்மாற்றிகளின் பட்டியல், கசிவு அறிக்கைகள், குப்பை புதைத்த இடங்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தளத்தில் வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பேசுங்கள். எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள் என்பது பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அவர்கள் நினைவில் இருக்கும். அவர்களில் பலர் முதியவர்கள். அவர்கள் சொல்வதை இடக்குறிப்புடன் எழுதிக் கையெழுத்துப் பெறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். 2013-இல் ஜப்பானின் ஒகினாவா நகரின் கால்பந்து மைதானம் ஒன்றின் அடியில் துருப்பிடித்த பீப்பாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன. தொடர்ந்து தேடியபோது எண்ணிக்கை நூறைத் தாண்டியது, டையாக்சின் என்ற நச்சுப்பொருளும் கண்டறியப்பட்டது. அந்த நிலம் 1987-இலேயே அமெரிக்காவின் கடேனா விமானத் தளத்திலிருந்து திருப்பித் தரப்பட்டதாகும். கால் நூற்றாண்டாகக் குழந்தைகள் அதன்மேல் விளையாடியிருக்கிறார்கள்.

எங்கே துளையிடுவது என்பதை மாசின் இயல்பு சொல்லும். விமான எரிபொருளும் டீசலும் நீரைவிட லேசானவை. தொட்டிகள், குழாய் இணைப்புகள், எரிபொருள் நிரப்பும் இடங்கள் ஆகியவற்றின் கீழே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். உலோகப் பாகங்களின் கிரீஸை அகற்றப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை. நீர்மட்டத்தைத் தாண்டி, களிமண் அடுக்கு தடுக்கும் வரை கீழே போய்விடும். ஆழம் குறைந்த கிணறு ஒன்றை மட்டும் தோண்டி 'சுத்தம்' என்று எழுதினால், கரைப்பான் அதற்குக் கீழே இருக்கலாம். பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல்லாண்டு நீடிக்கும். துப்பாக்கிப் பயிற்சிக் களத்தின் மண்மேட்டில் ஈயம் இருக்கும். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்ச் சுற்றுகளையும் ஈயம் கலந்த வண்ணப்பூச்சையும் எதிர்பாருங்கள்.

விமானத் தளமாயின் தீயணைப்புப் பயிற்சிக் குழியைத் தனியே பாருங்கள். எரிபொருள் தீயை அணைக்கும் நுரைகளில் பயன்பட்ட பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்கள் இயற்கையில் சிதைவதில்லை. நீரோடு வெகுதூரம் பயணிக்கும். இவற்றுக்கான வரம்புகளும் இறுகி வருகின்றன. அமெரிக்கா 2024 ஏப்ரலில், இவ்வகையின் இரு முக்கியப் பொருட்களுக்கும் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்ற உச்ச வரம்பைத் தனித்தனியே அறிவித்தது. பத்தாண்டுக்கு முன் இப்பொருட்களைத் தேடாமலே 'மாசில்லை' என்று சான்றளிக்கப்பட்ட நிலங்கள் இன்று வேறு கண்ணோடு பார்க்கப்படுகின்றன. எனவே அளவெடுப்பின்போது தேடிய பொருட்களின் பட்டியலோடு தேடாதவற்றின் பட்டியலையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே நுழையும் அனுமதியே பல இடங்களில் முதல் தடை. 2015 செப்டம்பரில் ஜப்பானும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட சுற்றுச்சூழல் துணை ஒப்பந்தம், திருப்பித்தரவிருக்கும் நிலங்களில் ஜப்பானிய அதிகாரிகள் நுழைந்து ஆய்வு நடத்த வழிசெய்தது. அதற்கான கால அளவு திருப்பளிப்புக்கு 150 வேலை நாட்களுக்கு முன்பிருந்து என்று வகுக்கப்பட்டது. ஒகினாவா நிர்வாகம் இதைவிட நீண்ட காலம் கேட்டிருந்தது. அது நியாயமான கோரிக்கை என்பது என் கருத்து. நிலத்தடி நீரை மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் அளந்தால்தான் அதன் ஓட்டம் புரியும். அதற்கே ஓராண்டு வேண்டும். சந்தேகம் எழுந்த இடங்களில் மறுபடி துளையிட இன்னோர் ஆண்டு. மூடல் அறிவிப்பு வந்தவுடன் நுழைவு அனுமதியைக் கோருங்கள், கட்டடங்கள் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெடிக்காத குண்டுகள் உள்ள களங்களில் அளவெடுப்பின் நோக்கமே வேறு. காந்தமானிகளால் தரையைத் துழாவி, எதிர்வினை தரும் ஒவ்வொரு புள்ளியையும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆழம் கூடக்கூடச் செலவு ஏறும். ஆகவே நிலம் பிறகு எதற்குப் பயன்படும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். காடாக விடப்போகும் இடத்துக்கு மேற்பரப்பைத் துப்புரவு செய்வது போதுமானதாக இருக்கலாம். வீடு கட்டவோ உழவோ போகும் இடத்துக்கு அது போதாது.

இருபுறப் பணக் கணக்கு

நிதிப் பேச்சில் இரண்டு பேரேடுகள் எதிரெதிரே வரும். ஒன்று எஞ்சிய மதிப்பு: படை அனுப்பிய நாடு தன் பணத்தில் கட்டிய ஓடுபாதைகள், குடியிருப்புகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு, அவை இடமளித்த நாட்டுக்குப் பயன்படும் அளவுக்கு, ஈடு கேட்பது. மற்றொன்று சேதம்: நிலத்துக்கும் கட்டடங்களுக்கும் நீருக்கும் நேர்ந்த கெடுதலுக்கு இடமளித்த நாடு இழப்பீடு கேட்பது. ஜெர்மனியுடனான துணை உடன்படிக்கையில் எஞ்சிய மதிப்பு 52-ஆம் பிரிவிலும் சேதம் 41-ஆம் பிரிவிலும் வருகின்றன. நடைமுறையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் இயற்றிய சட்டம், வெளிநாட்டுத் தளங்களில் செய்த முதலீட்டை மீட்டுவரும்படி அரசை வலியுறுத்தி, அப்பணத்துக்கென்று தனிக் கணக்கையும் ஏற்படுத்தியது. எனவே எதிர்த்தரப்பு விரிவான பட்டியலோடுதான் மேசைக்கு வரும். உங்கள் பட்டியலும் அதே விரிவோடு இருக்கட்டும்.

கட்டடத்தின் மதிப்பை அதைக் கட்டிய செலவிலிருந்து கணக்கிட ஒப்ப வேண்டாம். அந்நிய நாட்டு மின்னழுத்தத்துக்கேற்ற கம்பியமைப்பு, ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு, உள்ளூர் விதிக்குப் பொருந்தாத கழிவுநீர் அமைப்பு ஆகியவை உள்ள குடியிருப்பை இடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதன் மதிப்பு இடிக்கும் செலவுக்குச் சமமான கழித்தல் எண்ணாகவே இருக்கும். அடுத்த பயன்பாட்டுக்கு உதவும் சொத்து என்பதே சரியான அளவுகோல். பிராங்பர்ட்டிலிருந்த அமெரிக்காவின் ரைன்-மைன் விமானத் தளம் இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு. விமான நிலையத்தை விரிவாக்க அந்த நிலம் ஜெர்மானியருக்குத் தேவைப்பட்டது; அதனால் ஜெர்மனியிலுள்ள மற்ற அமெரிக்கத் தளங்களான ராம்ஸ்டைன், ஸ்பாங்டாலம் ஆகியவற்றில் மாற்று வசதிகள் அமையப் பணம் தர அவர்கள் முன்வந்தார்கள், தளம் 2005-இல் மூடப்பட்டது. நிலம் யாருக்கு அவசரமாகத் தேவையோ அவரே அதிகம் கொடுக்க நேரும். சோவியத் படைகள் வெளியேறியபோதும் இதையே காண்கிறோம்: ஜெர்மனி 1990-இல் வட்டியில்லாக் கடனும் சேர்த்து 1,500 கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது, திரும்பிச் செல்லும் வீரர்களுக்கு வீடு கட்டுவது அதன் பெரும்பகுதி. பின்னர் வெளியேறும் நாளை நான்கு மாதம் முன்னே கொண்டுவந்து 1994 ஆகஸ்ட் 31 ஆக்குவதற்கு மேலும் 55 கோடி மார்க் சேர்க்கப்பட்டது.

'சுழியத் தீர்வு' என்று ஒன்று உண்டு. ஹங்கேரியிலிருந்து சோவியத் படை 1991 ஜூனில் வெளியேறியது. ஹங்கேரி சுற்றுச்சூழல் சேதத்துக்கு இழப்பீடு கேட்டது. மறுதரப்பு தான் கட்டியவற்றுக்கு விலை கேட்டது. 1992 நவம்பரில் இரு தரப்பும் பரஸ்பரக் கோரிக்கைகளை ரத்து செய்துகொண்டன. வெளியேறிய நாடு பொருளாதாரத்தில் நொறுங்கிக்கிடந்த அந்நிலையில் வேறு எதையும் வசூலித்திருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் சுழியத் தீர்வில் மறைந்துபோவது ஒரு முக்கியமான தகவல்: மண்ணைச் சுத்தம் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது. எனவே கழித்து நேராக்கும் முன் இரண்டு தொகைகளையும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று கோருங்கள். அப்படிச் செய்தால், உள்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாசு நீக்கத்துக்கென ஒதுக்க வேண்டிய தொகை நாடாளுமன்றத்துக்குத் தெரியும்.

கடமையே இல்லாத இடத்திலும் பணம் பெற்ற நாடு கனடா. வடதுருவப் பகுதியின் முன்னெச்சரிக்கை ரேடார் நிலையங்கள் உள்ளிட்ட பழைய அமெரிக்க நிலையங்களின் மாசு நீக்கத்துக்காக 1996-இல் 10 கோடி அமெரிக்க டாலர் பெற இணக்கம் கண்டது. அது ரொக்கமன்று, பத்தாண்டுக் காலத்தில் அமெரிக்கப் படைக்கலங்களை வாங்குவதற்கான வரவாகத் தரப்பட்டது. இத்தகைய 'பொருளாக' வரும் ஈட்டை ஏற்கும்போது எச்சரிக்கை தேவை. வரவு பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கில் விழும், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தலையில் விழும். இரண்டையும் இணைக்கும் உள்நாட்டு உத்தரவு இல்லாவிட்டால் பணம் வந்தும் மண் அப்படியே கிடக்கும்.

கணக்கேட்டில் எப்போது எழுதுவது?

படை அனுப்பிய நாட்டின் கணக்காளர்கள் அறிந்த விதி ஒன்று உண்டு: செலவு நிகழ வாய்ப்பு அதிகம், அதன் தொகையை நியாயமாக மதிப்பிட முடியும் என்ற இரு நிலைகளும் வந்துவிட்டால் அதைப் பொறுப்பாகப் பதிவு செய்ய வேண்டும். பொதுத்துறைக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, சட்டக் கடமை இல்லாவிட்டாலும், அரசு தன் நடத்தையாலும் அறிவிப்புகளாலும் பிறரிடம் நம்பிக்கை ஏற்படுத்தியிருந்தால் அதையும் கடப்பாடாகவே கருதுகின்றன. தளத்தைச் சுத்தமாக ஒப்படைப்போம் என்று ஓர் அமைச்சர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கொள்கைப்படி, திருப்பித் தந்துவிட்ட இடத்தில் அது பொதுவாக மாசு நீக்கத்துக்குச் செலவிடாது. பன்னாட்டு ஒப்பந்தம் கோரினாலோ, திருப்பளிப்புக்கு முன்பே அதற்கான திட்டம் ஏற்கப்பட்டிருந்தாலோதான் விதிவிலக்கு. அந்த 'முன்பே' என்ற சொல்தான் உங்கள் பணியின் அட்டவணையை வகுக்க வேண்டும். திட்டம் முழுமையாக இல்லாவிட்டாலும், ஒப்புக்கொண்ட தளப் பட்டியலும் தொகை வரம்பும் கொண்ட முதல்நிலைத் திட்டம் ஒன்றையாவது கையெழுத்தாக்குங்கள்.

மதிப்பீட்டில் இரண்டு பிழைகளைப் பலமுறை காண்கிறோம். கண்காணிப்புக் கிணறுகளின் பல பத்தாண்டுச் செலவை விட்டுவிட்டுத் தோண்டி எடுக்கும் செலவை மட்டும் கூட்டுவது ஒன்று. தொலைவில் வரும் செலவை உயர்ந்த தள்ளுபடி வீதத்தால் (எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் வீதம்) குறைத்து, இன்றைய மதிப்பில் ஒன்றுமில்லாதது போலக் காட்டுவது மற்றொன்று. எதிர்த்தரப்பின் மதிப்பீட்டைப் பார்க்கும்போது அந்த வீதத்தை முதலில் கேளுங்கள்.

தொழிலாளர்களும் ஒப்பந்தங்களும்

உள்ளூர்ப் பணியாளர்களின் பணிநிறுத்தத் தொகை, ஓய்வூதியப் பங்கு, எடுக்காத விடுப்புக்கான ஊதியம் ஆகியவை உள்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி கணக்கிடப்பட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், கரைப்பான், கதிரியக்கம் ஆகியவற்றுக்கு ஆளானவர்களின் மருத்துவப் பதிவேடுகளின் நகல்களையும் அதே நேரத்தில் பெறுங்கள், படை கிளம்பினால் அவையும் கிளம்பிவிடும். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றுக்கான நீண்டகால ஒப்பந்தங்களில் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் யாருடையது என்று பாருங்கள். ஒகினாவாவில் தள நிலத்தின் கணிசமான பகுதி தனியாருடையது. அங்கே நிலம் திரும்பியபின் ஆய்வும் மாசு நீக்கமும் முடியும் வரை உரிமையாளர் வாடகையையும் இழந்து நிலத்தையும் பயன்படுத்த முடியாமல் தவிப்பார். அதனால் ஜப்பான், நிலத்தைச் சீர்செய்த பிறகே உரிமையாளரிடம் தரும் கடமையைத் தனிச் சட்டத்தின் மூலம் தன் அரசின் மீதே சுமத்திக்கொண்டது. தனியார் நிலத்தில் தளம் உள்ள எந்த நாடும் இதைப் பின்பற்றலாம்.

விட்டுச்செல்லும் பொருட்கள்

இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளவாடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓடும் மின்னாக்கி சொத்து. பிசிபி எண்ணெய் நிறைந்த பழுதான மின்மாற்றி கழிவு. பட்டியலில் இரண்டும் 'மின்சாதனம்' என்ற ஒரே தலைப்பில் வரலாம். கைமாறியதும் கழிவின் உரிமையாளர் நீங்களே. அபாயக் கழிவைப் பின்னர் எல்லை கடந்து திருப்பி அனுப்புவதும் எளிதன்று. 1989-இன் பேசல் உடன்படிக்கை முன்னறிவிப்பும் ஒப்புதலும் கோருகிறது, அமெரிக்கா அதில் கையெழுத்திட்டதே தவிர ஏற்புறுதி செய்யவில்லை. படை இருக்கும்போதே அதன் வழியாக அனுப்பிவிடுவது மலிவு.

கைவிடப்பட்டவை தாமாக மறைவதில்லை. கிரீன்லாந்தின் பனிக்கடியில் 1959-இல் கட்டிய கேம்ப் செஞ்சுரி நிலையத்தை அமெரிக்கா 1967-இல் விட்டுச் சென்றது. அணு உலையை எடுத்துச் சென்றார்கள். மற்றவற்றைப் பனி என்றென்றும் மூடிவைக்கும் என்று நம்பினார்கள். அங்கே சுமார் 2 லட்சம் லிட்டர் டீசலும் பிசிபியும் கழிவுநீரும் இருக்கலாம் என்றும், வெப்பம் உயர்ந்தால் அவை வெளிவரக்கூடும் என்றும் 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கிரீன்லாந்தில் கைவிடப்பட்ட மற்ற அமெரிக்க நிலையங்களைச் சுத்தம் செய்ய 2018-இல் டென்மார்க்கே 18 கோடி குரோனர் ஒதுக்கியது.

ஒப்படைப்புப் பத்திரம்

எல்லாப் பேச்சும் இந்தச் சில பக்கங்களில் வந்து முடிகிறது. அளவெடுப்பு அறிக்கையைப் பத்திரத்தின் பிரிக்க முடியாத இணைப்பாக்குங்கள். 'இருக்கும் நிலையிலேயே பெற்றுக்கொண்டோம்' என்ற வரி வரைவில் இருந்தால், அது கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று திருத்துங்கள். அறியப்படாத மாசும் வெடிபொருளும் பிறகு தெரியவந்தால் பேச்சை மீண்டும் திறக்கும் விதி, அதற்கான கால வரம்பு, அறிவிப்பு அனுப்ப வேண்டிய அலுவலகம் ஆகியவற்றை எழுதுங்கள். பனாமாவின் சான் ஹொசே தீவில் 1940-களில் சோதிக்கப்பட்டு விடப்பட்ட எட்டு வேதியியல் குண்டுகள் 2017-இல்தான் அழிக்கப்பட்டன. பல பத்தாண்டு தாமதம் என்பது இத்துறையில் அரிதன்று. எதிர்த்தரப்பு கால வரம்பற்ற விதியை ஏற்காவிட்டால், வெடிபொருளுக்கும் வேதிக்கருவிகளுக்கும் மட்டுமாவது வரம்பு வேண்டாம் என்று வற்புறுத்துங்கள். ஒரே நாளில் முழுத் தளத்தையும் பெற வேண்டும் என்ற அவசரத்துக்கும் இடம்கொடுக்க வேண்டாம். சுத்தமான பகுதிகளை முதலிலும், சந்தேகத்துக்குரியவற்றைத் திட்டம் கையெழுத்தான பிறகும் பெறுங்கள்.

பத்திரம் கையெழுத்தான வாரத்திலேயே, எந்தெந்த இடத்தில் எந்த ஆழத்துக்குக் கீழே தோண்டக்கூடாது, எந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகளை நிலப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் இருப்பிடம் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளார்க் தளத்தில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்த கிணற்று நீரைக் குடித்தன. பின்னர் அந்நீர் மாசடைந்திருந்தது தெரியவந்தது. அவர்களை அங்கே அனுப்பிய அதிகாரிகளின் கையில் அப்படியொரு வரைபடம் இல்லை. எனவே மாசு வரைபடத்தின் படிகள் தலைநகர அமைச்சகத்தில் மட்டும் இருந்தால் போதாது. நிலப் பதிவு அலுவலகம், குடிநீர் வழங்கும் அமைப்பு, பேரிடர் மேலாண்மை அலுவலகம், தளத்தை ஒட்டிய ஒவ்வோர் உள்ளாட்சி மன்றம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு படியை ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். கண்காணிப்புக் கிணறுகளின் புதிய அளவுகள் வரும்போதெல்லாம் அந்தப் படிகளையும் மாற்றுங்கள்.